நின்னு போற பாட்டின் மீதி

1

இந்த நாட்டில் என் பெயர் சவரிமுத்து. அது என் அப்பாவின் பெயர். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கேட்ட இடத்தில் வேறு எதை எழுதுவது என்று தெரியாமல் அவர் பெயரை எழுதி வைத்தோம். அன்றிலிருந்து பேங்க், வரி ஆபீஸ், பல் டாக்டர் எல்லோருக்கும் நான் மிசஸ் சவரிமுத்துதான். ஸ்டெல்லா என்று கூப்பிட ஆஸ்பத்திரியில் கூட வேலை செய்கிற நர்ஸுகள் மட்டும் இருக்கிறார்கள். ஊரில் இருந்தவரை அப்பா பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. பர்மிங்காமுக்கு வந்தபின் போனில் யார் கேட்டாலும் அதை எழுத்துக்கூட்டிச் சொல்கிறேன். பக்கத்தில் மகள் ஏஞ்சலா இருந்தால் தலையில் அடித்துக்கொள்வாள்.

என் பிறந்தநாளுக்கு ஏஞ்சலா இரண்டு டிக்கெட் வாங்கியிருந்தாள். இங்கிலாந்தின் பழைய ராக் குழு ஒன்று, தங்களுடைய பேர்பெற்ற ஆல்பம் வெளிவந்து ஐம்பது ஆண்டு ஆனதைக் கொண்டாட, அதை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை அப்படியே மேடையில் வாசிக்கப் போகிறது. அந்தக் குழுவின் பெயரை எங்கள் வீட்டில் யாரும் சரியாக உச்சரித்ததில்லை. அதனால் நானும் இங்கே எழுதவில்லை.

"உனக்கு இது பிடிக்கும்தானேம்மா? மாமாவோட ஆல்பம்தானே?" என்றாள். எப்போதோ ஒரு பழைய இசைத்தட்டுக் கடையில் அந்த அட்டையைப் பார்த்துவிட்டு நான் அசையாமல் நின்றிருக்கிறேன். ஏன் என்று கேட்டிருக்கிறாள். உன் மாமாவுக்குப் பிடித்தது என்று சொல்லியிருக்கிறேன். பிள்ளைகள் நாம் சொன்னதையெல்லாம் மறந்துவிடும், எதை மறக்கட்டும் என்று நினைக்கிறோமோ அதை மட்டும் வைத்துக்கொள்ளும்.

அந்த ஆல்பத்தின் கடைசிப் பாட்டை நாற்பது வருஷமாக நான் கேட்கவில்லை. செல்போனில் விரலை வைத்தால் வந்துவிடும். வைத்ததில்லை. அந்தப் பாட்டு ஓரிடத்தில் முடிகிறதா, முடியாமல் மேலே போகிறதா என்பதுதான் எங்கள் குடும்பத்தின் வழக்கு. அந்த வழக்கில் ஒருவர் செத்துப் போனார். இன்னொருவர் தோற்றுப் போனார் என்று நான் நினைத்திருந்தேன்.

2

எங்கள் ஊர் தருமபுரிக்கும் பாலக்கோட்டுக்கும் நடுவில். ஒரு கோயில், ஒரு மாதா கோயில், சுற்றிலும் மல்பெரி. அப்பா பட்டுப்புழு வளர்த்தார். புழு வீட்டுக்குள்தான் இருக்கும், எங்களுக்குத்தான் வெளியே படுக்கை. தோல் உரிக்கும் முன் புழு ஒரு நாள் அசையாமல் கிடக்கும். தூங்குகிறது என்போம். அந்த நாளில் வீட்டில் சத்தமாகத் தும்மினால்கூட அப்பா முறைப்பார்.

அந்த வீட்டில் கிடார் வாசிக்கப் பிறந்தான் என் அண்ணன் சகாயராஜ். பெங்களூர் செமினரியிலிருந்து பயிற்சிக்கு வந்த ஒரு பிரதர், பூசைப் பாட்டுக்கென்று அவனுக்குக் கற்றுக்கொடுத்து, போகும்போது தன் கிடாரையும் கொடுத்துவிட்டுப் போனார். கூடவே இந்தக் குழுவின் பெயரையும் காதில் போட்டுவிட்டார். புழு தூங்கும் நாட்களில் அண்ணன் கம்பிகளுக்கு அடியில் துண்டைத் திணித்துக்கொண்டு வாசிப்பான். டொக் டொக் என்று மட்டும் கேட்கும்.

"வேலை வெட்டிக்குப் போற பையன் மாதிரியா இருக்கறான்? துணி தொவைக்கிற சத்தமாட்டம் என்னத்தையோ தட்டிக்கிட்டு" என்பார் அப்பா.

"ஏங்க, அவன் பாட்டுக்குத்தானே இருக்கறான். உங்க புழுவுக்கு என்ன நோவுது?" என்பார் அம்மா.

அம்மாவுக்குப் பாட்டு என்றால் உயிர். அண்ணன் என்றால் அதற்கும் மேலே.

ஊரில் மணி அண்ணன் என்று ஒருவர் இன்னிசைக் குழு வைத்திருந்தார். நல்ல விவசாயக் குடும்பம், நாலு ஏக்கர் தண்ணீர்ப் பாய்ச்சல், ஆனாலும் மைக் பைத்தியம். மாரியம்மன் பண்டிகை, மாதா திருவிழா, கல்யாணம், எதுவானாலும் அவர் குழுதான். அண்ணன் அதில் கிடார் வாசித்தான். எல்லாம் சினிமாப் பாட்டு. கெஞ்சிக் கெஞ்சி ஒரு மேடைக்கு ஒரு இங்கிலீஷ் பாட்டுக்கு அனுமதி வாங்கினான்.

3

எண்பதுகளில் பாட்டு வேண்டுமென்றால் சேலம் போக வேண்டும். ரிக்கார்டிங் சென்டரில் வெற்றுக் கேசட்டைக் கொடுத்து, என்ன பாட்டு என்று சொல்லிவிட்டு வந்தால் ஒரு வாரத்தில் பதிந்து கொடுப்பார்கள். மணி அண்ணன் கொடுத்தது ஒரே ஒரு கேசட். ஒரு பக்கம் குழுவுக்கு வேண்டிய சினிமாப் பாட்டு, மறு பக்கம் சகாயத்தின் இங்கிலீஷ் ஆல்பம். மறு பக்கத்தில் ஆல்பம் முழுவதும் அடங்கவில்லை என்பது இப்போது யோசித்தால் தெரிகிறது. அப்போது யாருக்கும் தெரியவில்லை. காரணம், நாடா தீர்ந்த இடம் அப்படி. கடைசிப் பாட்டில் பாடுகிறவர் ஒரு வரியை மெல்ல முடிக்கிறார். வாத்தியங்கள் எல்லாம் நின்றுவிடுகின்றன. ஓர் அமைதி. அந்த அமைதிக்குள் டக் என்று டேப் ரிக்கார்டர் நின்றுவிடும்.

பாட்டும் நாடாவும் ஒன்றாக முடிந்ததாக எல்லோரும் நினைத்தோம். கடைக்காரர் அளந்து பதிந்திருக்கிறார், தொழில்காரன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று மணி அண்ணன் நாலு பேரிடம் புகழ்ந்தார்.

மேடையிலும் அப்படியே செய்தார்கள். அர்த்தம் ஒரு எழுத்துத் தெரியாமல் மணி அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு உருகிப் பாடுவார். அந்த வரி வந்ததும் எல்லோரும் அடித்த கை அடித்தபடி நிற்பார்கள். சவுண்டு சர்வீஸ்காரர் அதே நொடியில் லைட்டை அணைப்பார். முதல் தடவை அரூர் பக்கம் ஒரு பண்டிகையில் வாசித்தபோது கூட்டத்தில் ஒருவர், "கரண்டு பூட்ச்சுடா" என்று சொல்ல, பாதிப் பேர் எழுந்து கிளம்பியே விட்டார்கள். லைட் திரும்ப எரிந்ததும் விசில் பறந்தது. அதிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் துண்டுச் சீட்டு வரும்: நின்னு போற பாட்டு போடுங்க.

சகாயம் அண்ணனுக்கு மட்டும் அதில் திருப்தி இல்லை. கேசட்டைத் திரும்பத் திரும்ப ஓட்டி, அந்த அமைதியை என் காதுக்குப் பக்கத்தில் வைப்பான்.

"நல்லா கேளு ஸ்டெல்லா. நிக்கறதுக்கு முன்னாடி சர்ருனு ஒரு சத்தம் வருதா?"

வந்தது. எறும்பு ஊர்வது போல அவ்வளவு சின்னது.

"அது கம்பியில வெரல நகத்தற சத்தம். கீழ இருந்து மேல போறான். முடிக்கிறவன் என்னாத்துக்கு வெரல நகத்தறான்? அடுத்தது வாசிக்கத்தான். இங்க கிடார் வரும். பெரிய கிடார். எனக்கு நல்லாத் தெரியுது."

மணி அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. "நாடா தேஞ்ச சத்தம்டா அது. ஜனங்க விசிலடிக்கறாங்க, நீ ஏன்டா அதுக்கு வாலு தேடற?" என்றார்.

அப்பா இதையெல்லாம் புழுத் தட்டை மாற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். அம்மாதான், "இருக்கும்டா. நீ சொன்னா இருக்கும்" என்றார்.

4

மாதா திருவிழாவுக்கு முந்தைய வாரம் அண்ணன் புதுக் கேசட் ஒன்றை வாங்கிக்கொண்டு சேலம் கிளம்பினான். அந்தக் கடையில் ஆல்பத்தை முழுதாகப் போட்டுக் கேட்டுவிட்டு, மீதி இருந்தால் பதிந்துகொண்டு வருவதாகத் திட்டம். பாலக்கோட்டிலிருந்து தக்காளி ஏற்றிப் போகும் லாரியில் தெரிந்த டிரைவர். ஏறிக்கொண்டான். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் லாரிக்குப் பிரேக் பிடிக்கவில்லை.

இதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னால் முடியாது. ரோடெல்லாம் தக்காளி என்று மணி அண்ணன் சொன்னார். எனக்கு அப்போது பதினெட்டு, அண்ணனுக்கு இருபத்தொன்று.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றைத்தான். எதற்காகப் போனான்? பொண்ணு பார்க்கவா, வேலைக்கா, குடிக்கவா? பாட்டுக்கு என்று சொன்னால் புரியவில்லை, பாட்டின் மீதிக்கு என்றால் இன்னும் புரியவில்லை. கடைசியில் அப்பா எல்லோர் முன்னாலும் சொன்னார்: "இல்லாத ஒன்னத் தேடிப் போயிட்டான்." அதோடு கேள்வி நின்றுவிட்டது.

அம்மா மட்டும் அதை விடவில்லை. "இருக்குதுங்க. எம்புள்ள சும்மா சொல்ல மாட்டான்" என்பார். அப்பா பதில் சொல்லமாட்டார். மாதத்துக்கு ஒரு தடவையாவது இந்தப் பேச்சு வந்துவிடும். ஒருவர் அடுப்படியில், ஒருவர் புழு வீட்டில், நடுவில் நான். எது உண்மை என்று போய்க் கேட்டுவிட்டு வர யாராலும் முடியும். நான் போகவில்லை. பாட்டு அங்கேயே முடிந்தால் அண்ணன் வீணாகச் செத்தான். முடியாவிட்டால், அவன் வாசிக்காததை நான் கேட்க வேண்டும். இரண்டும் எனக்குப் பயமாக இருந்தது.

அம்மாவுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. எந்தப் பாட்டையும் பாதியில் விடமாட்டார். டவுன் பஸ்ஸில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது எங்கள் ஸ்டாப் வந்தால் இறங்கமாட்டார். "இரு கண்ணு, முடியட்டும்" என்று என் கையைப் பிடித்துக்கொள்வார். அடுத்த ஸ்டாப்பில் இறங்கி வெயிலில் திரும்பி நடந்து வருவோம். கண்டக்டர்களுக்கே தெரியும். எனக்கு அதற்கு நேர்மாறு. எந்தப் பாட்டும் முடிவதற்கு முன் அணைத்துவிடுவேன்.

நர்ஸிங் படித்தேன், சவூதி போனேன், இங்கே வந்தேன். வந்த புதிதில் வார்டில் ஒருத்தி குடும்பத்தைப் பற்றிக் கேட்டபோது "மை பிரதர் எக்ஸ்பயர்ட்" என்று சொன்னேன். நம் ஊரில் மரியாதையான வார்த்தை அதுதானே. அவள் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் இங்கே பாலும் மாத்திரையும்தான் எக்ஸ்பயர் ஆகும் என்று தெரிந்துகொண்டேன். விசா விண்ணப்பத்தில் உடன்பிறந்தோர் எத்தனை பேர் என்று கேட்டிருந்தது. ஒன்று என்று எழுதினேன். இப்போது எங்கே வசிக்கிறார் என்று அடுத்த கட்டத்தில் கேட்டிருந்தது. ஆபீசில் விசாரித்தால் காலியாக விடக்கூடாது என்றார்கள்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். சொல்ல முடியாதது வேறு. வயதான நோயாளிகளுக்குச் சில நேரம் மூச்சு கொஞ்ச நேரம் நின்று திரும்ப வரும். அது தெரிந்த விஷயம்தான், நர்ஸுக்குப் பயமில்லை. ஆனால் அந்த இடைவெளியில் என் அண்ணன் பக்கத்தில் வந்து நிற்பான். உருவமாக இல்லை. இங்கே வரும் பார், கேளு என்கிற மாதிரி. மூச்சு திரும்ப வந்ததும் போய்விடுவான். இத்தனை வருஷத்தில் என் கணவரிடம்கூட நான் இதைச் சொன்னதில்லை. அம்மா இறந்தபோது ஊருக்குப் போய், பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த முழு நாளும் அவன் என்னைவிட்டு நகரவில்லை.

5

சனிக்கிழமை சாயந்திரம் அரங்கத்தில் என்னைவிட மூத்தவர்கள்தான் அதிகம். மூட்டுவலிக்காரர்கள், காது மெஷின் போட்டவர்கள். கறுப்புப் பனியன் மட்டும் இருபது வயசுக்கானது. மேடையில் இருந்தவர்களிலும் பழைய ஆட்கள் இரண்டு பேர்தான். ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்துதான் பாடினார். இதில் எத்தனை பேருக்குப் பிரஷர் இருக்கும் என்று என் புத்தி கணக்குப் போட்டது. ஏஞ்சலா என் கையைக் கோத்துக்கொண்டாள்.

ஒவ்வொரு பாட்டும் எனக்குத் தெரிந்திருந்தது. வரிகள் மணி அண்ணனின் உச்சரிப்பில்தான் காதில் விழுந்தன. மேடையில் இடது ஓரம், ஊர் மேடைகளில் அண்ணன் எப்போதும் நிற்கும் இடம், ஒரு ஸ்பீக்கர் பெட்டியைத் தவிர காலியாக இருந்தது. பார்க்காமல் இருக்கப் பார்த்தேன், முடியவில்லை.

கடைசிப் பாட்டு வந்தது. எழுந்து போய்விடலாம் என்று நினைத்தேன். போகவில்லை. அந்தக் கிழவர் ஸ்டூலிலிருந்து பாடினார். அந்த வரி வந்தது. வாத்தியங்கள் எல்லாம் நின்றன. ஆயிரக்கணக்கான பேர் இருக்கும் அரங்கத்தில் சின்னச் சத்தம் இல்லை.

நான் எழுந்து கை தட்டினேன்.

என்னை மீறி வந்துவிட்டது. எங்கள் ஊர்ப் பண்டிகைகளில் எத்தனை தடவை இந்த இடத்தில் தட்டிய கை அது. அந்த அமைதியில் என் கை மட்டும் தனியாகக் கேட்டது. ஏஞ்சலா வெட்கத்தில் குனிந்துகொண்டாள். முன் வரிசையில் இருந்த ஒரு வயசாளி திரும்பி, ரொம்ப அன்பாக, இங்கிலீஷில் சொன்னார்: "இன்னும் முடியலைம்மா."

ஸ்பீக்கரில் சர்ரென்று அந்தச் சத்தம் வந்தது. கம்பியில் விரல் நகரும் சத்தம். கீழிருந்து மேலே.

அப்புறம் கிடார்.

அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ரொம்ப நேரம் போனது. பாடினவர் வாயே திறக்கவில்லை. பாட்டு முழுவதும் அதற்காகத்தான் வழி விட்டுக் காத்திருந்தது என்று இப்போது தெரிந்தது. எங்கள் ஊர் மேடைகளில் வாசித்துவந்தது அதன் வாசல்படியை மட்டும்தான். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். அப்பாவின் மேல். இல்லாத ஒன்று என்று எவ்வளவு சுலபமாகச் சொன்னார். அம்மா அத்தனை வருஷம் ஒற்றை ஆளாக நின்று, இருக்கிறது இருக்கிறது என்று சொல்லியே போய்ச் சேர்ந்தாரே. அழுகை அப்புறம்தான் வந்தது. ஏஞ்சலா பயந்துபோய் என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். கடைசிச் சத்தம் அடங்கும் வரை கேட்டேன். பாதியில் அணைக்க அங்கே எதுவும் இல்லை.

வீட்டுக்கு வரும் வழியில் அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். பாதி தமிழில், பாதி இங்கிலீஷில். அவள் எல்லாம் கேட்டுவிட்டு, "தாத்தாகிட்ட சொல்லுவியா?" என்று ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

6

ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்தேன். ஊரில் மத்தியானம். பூசைக்குப் போய் வந்து, சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். மல்பெரியை எப்போதோ எடுத்தாயிற்று, வீட்டில் இப்போது புழு இல்லை. டிவி சத்தம் கேட்டது.

"அப்பா, அண்ணன் தேடிப் போன பாட்டு இருக்குதுப்பா. நேத்து கேட்டேன். அதுக்கப்புறம் கிடார் வருது."

திட்டமிட்டு வைத்திருந்த கோபத்தை எல்லாம் கொட்டத் தயாராக இருந்தேன். டிவியை யாரோ அணைத்தார்கள்.

"தெரியும் கண்ணு" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"முப்பதாம் நாள் பூசை முடிஞ்சதும் சேலம் போனேன். உங்கம்மாகிட்ட புழு முட்டை வாங்கப் போறன்னு சொன்னேன். அந்தக் கடையைக் கண்டுபுடிச்சு, இந்த மாதிரின்னு சொன்னேன். நல்ல மனுசன். உக்காரச் சொல்லி, டீ வாங்கியாந்து குடுத்துட்டு, அந்தப் பாட்டுத் தட்டப் போட்டு வுட்டாரு. நம்ம பையன் சொன்ன அதே எடத்துல கிடார் வந்துச்சு."

"அப்புறம் ஏன்ப்பா இருக்குதுன்னு சொல்லல?"



"இருக்குதுன்னு சொன்னா மணி சும்மா இருப்பானா? ஒரு பையனப் புடிச்சுக் கத்துக் குடுத்து மேடையில வாசிப்பான். சகாயம் நின்ன எடத்துல இன்னொரு பையன் நின்னு, அவன் வாசிக்க வேண்டியத வாசிப்பான். ஜனங்க விசிலடிக்கும். என்னால அதப் பாக்க முடியாது கண்ணு. நம்ம பக்கத்துல அந்தப் பாட்டு அவன் வுட்ட எடத்துலயே நிக்கட்டும்னு இருந்துட்டேன்."

"அம்மாகிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம். அவளுக்குத் தெரிஞ்சா ஊருக்குத் தெரியும். இன்னிக்கு சொல்லலாம், நாளைக்கு சொல்லலாம்னு இருந்தேன். அவ போயிட்டா."

என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. எண்பத்தைந்து வயது மனிதர் போனைக் காதில் அழுத்திப் பிடித்திருப்பது மட்டும் மூச்சுச் சத்தத்தில் தெரிந்தது. அப்புறம் அவர் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார்.

"நீ முழுசும் கேட்டியா?"

"கேட்டேன்ப்பா."

"நான் கேக்கல. கிடார் வந்ததும் ஒக்கார முடியல, எந்திரிச்சு ஓடியாந்துட்டேன். டீகூட அப்படியே இருந்துச்சு. அது எப்படி கண்ணு முடியும்?"

நாற்பது வருஷமாக அவரிடமும் அது பாதியில்தான் நின்றிருந்தது. எனக்குப் பாட வராது. மாதா கோயிலில்கூடக் கூட்டத்தோடு வாயசைப்பவள் நான். இருந்தாலும் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, அந்தக் கிடார் போன வழியை ஞாபகம் இருந்த அளவுக்கு வாயாலேயே சொல்லிக்கொண்டு போனேன். சில இடம் தப்பு. தப்பு என்று தெரிந்தே போனேன். ஏஞ்சலா மாடியிலிருந்து இறங்கி வந்து கதவருகே நின்றாள். சிரிக்கவில்லை. மேலே மேலே ஏறி, பின் ஒவ்வொன்றாக இறங்கி, கடைசியில் ஒற்றைக் கம்பி மட்டும் அடங்குகிற இடம் வரை கொண்டுபோய் நிறுத்தினேன்.

 

"சரி" என்றார் அப்பா. "வெயில் தாழட்டும். கல்லறைக்குப் போயி உங்கம்மாகிட்ட சொல்லிட்டு வரேன், அவ சொன்னதுதான் சரின்னு."